பிஎச்பி சாக்கெட் சர்வர் ஓடுகிறது, ஆனால் யாராலும் இணைய முடியவில்லை: கோளாறு எங்கே?

பிஎச்பியில் நாற்பது வரிக்குள் ஒரு டிசிபி (கணினிகள் இணைந்து தரவு பரிமாறும் நெறிமுறை) சர்வர் எழுதிவிடலாம். வண்டிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகளிடமிருந்து தரவு வாங்க, எடை மெஷினைக் கணினியோடு பேச வைக்க, சின்னதாக ஓர் அரட்டை அறை அமைக்க என்று பலரும் இதை எடுக்கிறார்கள். நிரல் பிழையில்லாமல் ஓடும். டெர்மினலில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். ஆனால் வெளியிலிருந்து யாராலும் இணைய முடியாது. அல்லது இணையும், பேசாது.

அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, நிரலைத் திறந்து வரி வரியாக மாற்றிப் பார்ப்பது. அது பல நேரம் வீண் வேலை. இணைப்பு எந்த விதமாகத் தோற்றது என்பதை முதலில் கவனித்தால், கோளாறு நிரலிலா, இயங்குதளத்திலா, நடுவில் நின்று இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலிலா என்பது நிரலைத் தொடாமலே ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இணைப்பு உருவாகும் விதம்

சர்வர் பக்கம் நான்கு அழைப்புகள் வரிசையாக நடக்க வேண்டும்.

1. சாக்கெட்_கிரியேட்: இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் ஒரு சாக்கெட், அதாவது இணைப்பின் முனை, கேட்டு வாங்குகிறது. இந்த நிலையில் அதற்கு முகவரி எதுவும் கிடையாது.

2. சாக்கெட்_பைண்ட்: அந்த சாக்கெட்டை ஓர் ஐபி முகவரியோடும் ஒரு போர்ட் எண்ணோடும் பிணைக்கிறது. போர்ட் என்பது 16 பிட் எண். எனவே 65535க்கு மேல் போக முடியாது.

3. சாக்கெட்_லிசன்: இந்தப் போர்ட்டைத் தேடி வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி வை என்று கர்னலுக்குச் சொல்கிறது.

4. சாக்கெட்_அக்செப்ட்: வரிசையில் முதலில் நிற்பவரை நிரலுக்குள் எடுக்கிறது. அவருக்கென்று புதிதாக இன்னொரு சாக்கெட் கிடைக்கும். பழையது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். வாசிப்பதும் எழுதுவதும் இந்தப் புது சாக்கெட்டில்தான். பழையதில் வாசிக்கப் போனால் லினக்ஸில் 107 என்ற பிழை எண் வரும். இது தொடக்கக்காரர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம்.

கிளையன்ட் இணைய முயலும்போது மூன்று பாக்கெட்டுகள் பரிமாறப்படுகின்றன. கிளையன்ட் ஒரு ‘சின்’ அனுப்பும், சர்வர் கணினி ‘சின்-ஆக்’ திருப்பும், கிளையன்ட் ‘ஆக்’ சொல்லும். அவ்வளவுதான், இணைப்பு உண்டாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த மூன்றிலும் பிஎச்பிக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் கர்னலே செய்வது. கிளினிக்கில் கம்பவுண்டர் டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைப்பதைப் போலத்தான் இது. டாக்டர் உள்ளே என்ன செய்கிறார் என்பதற்கும் டோக்கன் கிடைத்ததற்கும் சம்பந்தமில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கிளையன்ட் ‘இணைந்துவிட்டது’ என்று சொன்னால் அதன் பொருள் அந்தப் போர்ட்டில் யாரோ லிசன் அழைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. உங்கள் நிரல் அவரைக் கண்டுகொண்டது என்று ஆகாது. இரண்டு, இணையவே முடியவில்லை என்றால் வாசிப்பது, எழுதுவது, லூப் என்று நிரலின் கீழ்ப்பாதியில் எதைத் திருத்தினாலும் பலன் இருக்காது, அந்தக் கீழ்ப்பாதி நிரலையே நிறுத்தி வைக்கிறது என்றால் ஒழிய.

தோற்கும் விதங்கள்

இணைப்புக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஐந்து வேறு வேறு நிகழ்வுகள். பிழைச் செய்தியோடு, எவ்வளவு நேரத்தில் அது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1. உடனே மறுப்பு. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’, லினக்ஸில் 111, விண்டோஸில் 10061. உங்கள் பாக்கெட் அந்தக் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை என்று அது பதில் சொல்லியிருக்கிறது. ஒரு வகையில் நல்ல செய்தி, பாதை திறந்திருக்கிறது. லினக்ஸில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். விண்டோஸ் தானாகவே சில முறை முயன்று பார்ப்பதால் ஓரிரு நொடி ஆகலாம்.

2. நெடுநேரம் தொங்கிவிட்டு ‘டைம்டு அவுட்’, 110 அல்லது 10060. பாக்கெட்டுக்குப் பதிலே வரவில்லை. நடுவில் யாரோ அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு ஃபயர்வால். மிச்சத்தில் பெரும்பகுதி தவறான ஐபி. லினக்ஸ் கிளையன்ட் இரண்டு நிமிடம் வரைகூட விடாமல் முயலும்.

3. ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’, 113. பெயரைப் பார்த்து ரவுட்டிங் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் அந்தக் கணினி அணைந்திருக்கலாம். ஆனால் பிங் போகிறது, போர்ட் மட்டும் இப்படிச் சொல்கிறது என்றால் அங்கிருக்கும் ஃபயர்வால் ‘அனுமதியில்லை’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) மூலம் திருப்பி அனுப்புகிறது. ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் குடும்பத்தின் ஃபயர்வால்டி இந்த ரகம்.

4. இணைகிறது, ஆனால் மௌனம். கோளாறு இப்போதுதான் உங்கள் நிரலின் எல்லைக்குள் வருகிறது.

5. இணைந்து உடனே அறுகிறது. ‘கனெக்‌ஷன் ரீசெட்’, 104 அல்லது 10054. நிரல் செத்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு ப்ராக்ஸி (இணைப்பை வாங்கிக் கைமாற்றும் இடைத்தரகர்) நின்று தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

இனி ஒவ்வொன்றாக.

சர்வர் எழும்பவே மறுத்தால்

மறுப்புக்கு முதல் காரணம், சர்வர் ஓடவே இல்லை என்பது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதிகம் நடப்பது இதுதான். பைண்ட் தோற்றதைச் சோதிக்காமல் நிரல் அடுத்த வரிக்குப் போயிருக்கும். டெர்மினலில் எச்சரிக்கை ஓடி மறைந்திருக்கும். ஒவ்வோர் அழைப்பும் ஃபால்ஸ் திருப்புகிறதா என்று பார்த்து, சாக்கெட்_லாஸ்ட்_எரர் தரும் எண்ணை அச்சிடுங்கள். வரும் எண்கள் பெரும்பாலும் இவைதான்.

98, விண்டோஸில் 10048: அந்த முகவரியும் போர்ட்டும் பயன்பாட்டில் இருக்கிறது. பழைய பிரதி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படி எதுவும் இல்லாமலே இந்தப் பிழை வந்தால் அது ‘டைம் வெயிட்’. டிசிபியில் யார் முதலில் இணைப்பை மூடுகிறாரோ அவர் பக்கம் அந்த இணைப்பின் தடயம் சிறிது நேரம் தங்கும். லினக்ஸில் 60 நொடி. சர்வரை நிறுத்திவிட்டு உடனே தொடங்கினால் பைண்ட் தோற்பது இதனால்தான். சாக்கெட்_செட்_ஆப்ஷன் மூலம் ‘ரீயூஸ்அட்ரஸ்’ விருப்பத்தை இயக்கினால் தீரும். அதை பைண்டுக்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் செய்து பயனில்லை. விண்டோஸில் அதே விருப்பத்துக்கு வேறு விளைவு உண்டு: இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைப் பிடித்துக்கொள்ள அது வழிவிடும். பிறகு இணைப்பு எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. அங்கே அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

13, விண்டோஸில் 10013: அனுமதி இல்லை. லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்கு ரூட் உரிமை வேண்டும். சோதனைக்கு 10000, 9000 போன்ற எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

99, விண்டோஸில் 10049: கேட்ட முகவரி இந்தக் கணினியில் இல்லை. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் பிஎச்பியின் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே இருக்கிறது. அங்கே உள்ள எளிய டிசிபி சர்வர் மாதிரியில் முகவரி 192.168.1.53 என்றும் போர்ட் 10000 என்றும் எழுதியிருக்கும். உங்கள் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லியும், அப்படியே நகலெடுத்து ஓட்டுபவர்கள் ஏராளம். அந்த ஐபி உங்கள் கணினிக்கு இல்லாதபோது பைண்ட் தோற்காமல் என்ன செய்யும்?

எண்ணே வராமல் ‘சாக்கெட்_கிரியேட் என்ற ஃபங்ஷன் இல்லை’ என்று வந்தால் சாக்கெட்ஸ் எக்ஸ்டென்ஷன் இயங்கவில்லை. விண்டோஸில் பிஎச்பி.இனி கோப்பில் அந்த வரியின் முன்னிருக்கும் அரைப்புள்ளியை நீக்க வேண்டும். நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரின் பிஎச்பி இமேஜில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். இன்னொரு சிக்கல்: கட்டளை வரியில் ஓடும் பிஎச்பியும் வெப் சர்வருக்குள் ஓடும் பிஎச்பியும் வெவ்வேறு இனி கோப்புகளைப் படிக்கக்கூடும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதில் தேடுவது வழக்கமாக நடக்கும் கூத்து.

பழைய பாடங்களைப் பார்த்து எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு பள்ளம் உண்டு. பிஎச்பி 8.0 வரும்வரை சாக்கெட்_கிரியேட் ‘ரிசோர்ஸ்’ வகை மதிப்பைத் தந்தது. 2020 நவம்பரில் வந்த 8.0இலிருந்து அது ‘சாக்கெட்’ என்ற ஆப்ஜெக்ட்டைத் தருகிறது. எனவே இஸ்_ரிசோர்ஸ் கொண்டு வெற்றியைச் சோதிக்கும் பழைய நிரல், நன்றாக உருவான சாக்கெட்டைப் பார்த்துத் தோல்வி என்று சொல்லிவிடும். பிழை எண் 0, செய்தி ‘சக்ஸஸ்’. தோல்விக்குக் காரணம் வெற்றி என்று திரையில் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஃபால்ஸோடு நேரடியாக ஒப்பிட்டால் எல்லாப் பதிப்புகளிலும் சரியாக நடக்கும்.

கடைசியாக, இப்படிப்பட்ட சர்வரைப் பிரவுசரில் முகவரி தட்டி ஓட்டக் கூடாது. கட்டளை வரியில் ஓட்ட வேண்டும். வெப் சர்வர் வழியே ஓடும் பிஎச்பிக்கு இயல்பாக 30 நொடி நேர வரம்பு உண்டு, கட்டளை வரியில் அது இல்லை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இந்த முயற்சியையே விட்டுவிடலாம். பொதுவாக அங்கே வெளியிலிருந்து வரும் போர்ட் எதையும் திறக்க விடமாட்டார்கள். நீண்ட நேரம் ஓடும் நிரலையும் கொன்றுவிடுவார்கள். ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) தேவை.

எந்த முகவரியில் கேட்கிறது?

சர்வர் ஓடுகிறது, பைண்ட் வெற்றி, ஆனாலும் மறுப்பு என்றால் முகவரியைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ‘எஸ்எஸ்’ என்ற கருவியை எல், டி, என், பி ஆகிய நான்கு விருப்பங்களோடு ஓட்டினால் கேட்டுக்கொண்டிருக்கும் டிசிபி சாக்கெட்டுகள் எல்லாம் முகவரியோடும் நிரலின் பெயரோடும் வரும். விண்டோஸில் நெட்ஸ்டாட்டை ஏ, என், ஓ விருப்பங்களோடு ஓட்டுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் போர்ட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் முகவரிதான் விடை.

127.0.0.1 என்றிருந்தால் அதே கணினிக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி. பக்கத்து மேசைக் கணினிக்குக்கூட மறுப்புதான். 0.0.0.0 என்றிருந்தால் கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் கேட்கிறது. 192.168 என்று தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முகவரி என்றால் அதில் மட்டும் கேட்கும், அப்போது 127.0.0.1 வழியாக நீங்களே சோதித்தாலும் மறுக்கும். ‘அதே கணினியிலேயே வேலை செய்யவில்லை’ என்று பலர் குழம்புவது இங்கேதான்.

கிளவுட் சர்வர்களில் நிலைமை இன்னும் சுவாரசியம். அமேசானின் இசி2 போன்ற இடங்களில் உங்களுக்குத் தரப்படும் பொது ஐபி அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டில் இருக்காது. வெளியே ஓரிடத்தில் அதைக் கணினியின் தனியார் முகவரியாக மாற்றி உள்ளே அனுப்புகிறார்கள். எனவே பொது ஐபியில் பைண்ட் செய்ய முயன்றால் மேலே சொன்ன 99 வரும். 0.0.0.0 போட்டால் சரியாகிவிடும்.

டாக்கரிலும் இதே கதை, வேறு முகம். கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரின் சொந்த உள்முகவரி. அதில் சர்வர் கேட்டுக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து போர்ட்டைத் திறந்துவிட்டாலும் உள்ளே போய்ச் சேராது. இதில் ஏமாற்று என்னவென்றால் டாக்கர் ஓடும் அதே கணினியிலிருந்து சோதிக்கும்போது மறுப்பு வராமல், இணைந்து உடனே அறுந்துபோகலாம். டாக்கர் நடுவில் வைக்கும் ப்ராக்ஸி உங்களை ஏற்றுக்கொண்டு, உள்ளே ஆள் இல்லாததால் கைவிடுகிறது. கண்டெய்னருக்குள் எப்போதும் 0.0.0.0 போடுங்கள்.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரும் தொல்லை தரக்கூடியது. அது 127.0.0.1 ஆகவும் இருக்கலாம், ஐபிவி6இன் ::1 ஆகவும் இருக்கலாம். பல கிளையன்ட்டுகள் ஒன்று தோற்றால் மற்றதை முயலும். எல்லாம் அப்படி இல்லை. நோட்.ஜேஎஸ் 17ஆம் பதிப்பில் பெயர்களுக்குக் கிடைக்கும் முகவரிகளை வரிசை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதுவரை ஐபிவி4க்கு முன்னுரிமை இருந்தது. அதனால் நேற்று வரை இணைந்த கிளையன்ட், பதிப்பு மாறியதும் ::1இல் மறுப்பு என்று சொல்ல ஆரம்பித்தது. சோதிக்கும்போது பெயரை விட்டுவிட்டு எண்ணையே தட்டுங்கள்.

பாதையில் நிற்பவர்கள்

காலம் கடந்து தோற்கிறது என்றால் உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாகச் சோதிப்பதுதான் வழி. டெல்நெட் அல்லது நெட்கேட் போதும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டெல்நெட் இயல்பாக நிறுவப்படுவதில்லை. பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் அதே வேலையைச் செய்யும்.

1. சர்வர் கணினியிலிருந்தே 127.0.0.1.

2. அதே கணினியிலிருந்து அதன் நெட்வொர்க் ஐபி.

3. அதே ரவுட்டரில் இருக்கும் வேறு கணினியிலிருந்து அந்த ஐபி.

4. வெளியிலிருந்து பொது ஐபி. மொபைல் டேட்டாவில் இருக்கும் போன் இதற்கு வசதி. வீட்டுக்குள்ளிருந்தே பொது ஐபியைத் தட்டிச் சோதிக்காதீர்கள், பல ரவுட்டர்கள் அப்படிச் சுற்றி வர விடுவதில்லை.

இரண்டில் வெற்றி, மூன்றில் தோல்வி என்றால் கணினியின் சொந்த ஃபயர்வால். விண்டோஸ் டிஃபெண்டர் முதல் முறை கேட்கும் அனுமதிப் பெட்டியில் ‘கேன்சல்’ அழுத்தியிருந்தால் பிஎச்பி நிரலுக்கே தடை விழுந்திருக்கும். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கியிருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை அது இயல்பாகப் பதிலின்றித் தூக்கிப் போடும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2க்குள் சர்வரை ஓட்டுகிறவர்களுக்கு இது வேறு வடிவில் வரும்: இயல்பான அமைப்பில் அதற்குத் தனி நெட்வொர்க் இருப்பதால் விண்டோஸிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் வழியாக இணையும், பக்கத்துக் கணினியிலிருந்து இணையாது.

மூன்றில் வெற்றி, நான்கில் தோல்வி என்றால் ரவுட்டர் அல்லது கிளவுட் நிறுவனம். கிளவுடில் கணினிக்குள் இருக்கும் ஃபயர்வாலைத் தவிர வெளியே இன்னொன்று இருக்கும். இசி2வில் அதற்கு செக்யூரிட்டி குரூப் என்று பெயர். இரண்டிலும் போர்ட்டைத் திறக்க வேண்டும். வீட்டிலிருந்து சர்வர் நடத்துகிறவர்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்ட பிறகும் வேலை செய்யவில்லை என்றால், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் காட்டும் வெளிப்புற ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் போதாததால் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதற்காகவே ஒதுக்கப்பட்ட வரிசை அது. உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் வெளியிலிருந்து வருபவர் உங்களிடம் வந்து சேர மாட்டார். நிலையான பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது விபிஎஸ்ஸுக்குப் போகலாம்.

யார் தூக்கிப் போடுகிறார்கள் என்று ஊகிக்க வேண்டாம் என்றால் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை சர்வரில் ஓட்டி அந்தப் போர்ட்டைக் கவனியுங்கள். அது பாக்கெட்டைக் கணினியின் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். ‘சின்’ வருகிறது, பதில் போகவில்லை என்றால் தடை கணினிக்குள். ‘சின்’னே வரவில்லை என்றால் தடை வெளியே. ஒரு நிமிட வேலை. பல மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

இணைந்தும் பேசாவிட்டால்

இதற்குள்தான் உண்மையான நிரல் பிழைகள் இருக்கின்றன. கையேட்டின் அதே மாதிரி சர்வரை எடுத்துக்கொள்வோம். அது ஒருவரை அக்செப்ட் செய்து வரவேற்பு வாசகம் அனுப்பி, அவர் ‘குவிட்’ தட்டும்வரை உள் லூப்பில் அவரோடேயே இருக்கும். முதல் ஆள் உள்ளே இருக்கும்போது இரண்டாவது ஆள் வந்தால்? கர்னல் கைகுலுக்கிவிடும், இணைந்தது என்று அவருக்குத் தோன்றும், வரவேற்பு மட்டும் வராது. அந்த மாதிரியில் லிசனுக்குத் தரப்பட்ட வரிசை நீளம் 5. வரிசையும் நிரம்பிவிட்டால் லினக்ஸ் புதிய முயற்சிகளைப் பதிலின்றி விட்டுவிடும். அப்போது பார்க்கிறவருக்கு அது ஃபயர்வால் கோளாறு போலவே தெரியும். மேலே ‘நூற்றுக்குத் தொண்ணூறு’ என்று சொன்னதில் விலக்காக ஒதுக்கியது இதையும் சேர்த்துத்தான்.

அந்த மாதிரியில் இன்னொன்று. வாசிப்பு தோற்றால் அது உள் லூப்பை மட்டும் விட்டு வெளியேறாது, ‘பிரேக் 2’ என்று இரண்டு லூப்பையும் விட்டு வெளியேறும். அதாவது ஒரு கிளையன்ட் சொல்லாமல் கொள்ளாமல் அறுத்துக்கொண்டு போனால் சர்வரே நின்றுவிடும். பொது ஐபியில் வைத்தால் இணையத்தைச் சல்லடை போடும் தானியங்கிகள் எப்படியும் வந்து தட்டிவிட்டுப் போகும். விடிந்து பார்த்தால் எல்லோருக்கும் மறுப்பு. போதாக்குறைக்கு, யார் வேண்டுமானாலும் ‘ஷட்டவுன்’ என்று தட்டி சர்வரை அணைக்கலாம். பாடம் படிக்க அது அருமையான நிரல், பணிக்கு வைக்க ஏற்றதில்லை. குறைந்தது அந்த 2ஐ நீக்கிவிடுங்கள்.

ஸ்ட்ரீம்_சாக்கெட்_சர்வர் குடும்பத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே நோய் வேறு வழியில் வரும். அங்கே அக்செப்ட் அழைப்புக்கு இயல்பான காத்திருப்பு நேரம் 60 நொடி. வொய்ல் நிபந்தனைக்குள்ளேயே அக்செப்ட்டை வைத்து எழுதினால், 60 நொடிக்குள் யாரும் வராதபோது ஃபால்ஸ் கிடைத்து லூப் முடிந்து நிரலும் முடிந்துவிடும். ‘தொடங்கியவுடன் இணைகிறது, டீ குடித்துவிட்டு வந்தால் மறுக்கிறது’ என்ற புகாருக்கு மூலம் இது. நேரத்தை −1 என்று கொடுத்தால் வரையறையின்றிக் காத்திருக்கும்.

அடுத்தது வரி முடிவு. ‘நார்மல் ரீட்’ முறையில் வாசிப்பு ஒரு வரி முடியும்வரை காத்திருக்கும். கிளையன்ட் வரி முடிவைச் சேர்க்காமல் அனுப்பினால் சர்வர் அதற்காகக் காத்திருக்கும், கிளையன்ட் பதிலுக்காகக் காத்திருக்கும், இருவரும் அப்படியே நிற்பார்கள். டெல்நெட்டில் என்டர் தட்டினால் வரி முடிவு போய்விடுவதால் சோதனையில் இது தெரியாது. உண்மையான கருவியை இணைத்தால்தான் தெரியும்.

ஜிபிஎஸ் கருவிகளில் இது இன்னும் மோசமாகும். பரவலாக இருக்கும் ஜிடி06 வகை நெறிமுறையைப் பாருங்கள். அது எழுத்துகளாகப் பேசாது, பைட்டுகளாகப் பேசும். ஒவ்வொரு பாக்கெட்டும் 78 78 என்ற இரண்டு பதினறும பைட்டுகளில் தொடங்கி 0டி 0ஏ என்ற இரண்டில் முடியும். நடுவில் இருக்கும் எண்களில் 10, 13 என்ற மதிப்புகளும் வரலாம். நார்மல் ரீட் அவற்றைப் பார்த்து வரி முடிந்தது என்று பாக்கெட்டை நடுவில் வெட்டிவிடும். அதற்கு மேல் ட்ரிம் வேறு போட்டிருந்தால் ஓரங்களில் உள்ள உண்மையான தரவும் போய்விடும். கருவி முதலில் லாகின் பாக்கெட் அனுப்பி, சர்வர் முறைப்படி பதில் தந்தால்தான் இருப்பிடத்தை அனுப்பத் தொடங்கும். பதில் வராவிட்டால் துண்டித்துக்கொண்டு திரும்ப இணையும். பதிவேட்டில் பார்த்தால் ‘கருவி இணைகிறது, அறுகிறது, இணைகிறது’ என்று ஓடும். சிம்மிலோ சிக்னலிலோ கோளாறு என்று தோன்றும். கோளாறு அங்கே இல்லை. பைனரி முறையில் வாசித்து, வந்ததை ஒரு சரத்தில் சேர்த்துக்கொண்டே போய், நீள பைட்டைப் பார்த்து முழுப் பாக்கெட் ஆனதும் எடுக்க வேண்டும்.

சேர்த்துக்கொண்டே போவது எல்லா நெறிமுறைக்கும் பொது. டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். ஒரு முறை எழுதியது ஒரே வாசிப்பில் வந்துவிடும் என்ற உத்தரவாதம் கிடையாது. பாதியாகவும் வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். அதேபோல் பைனரி முறையில் வாசிப்பு வெறும் சரத்தைத் திருப்பினால் எதிராளி மூடிவிட்டார் என்று பொருள். அதைக் கவனிக்காமல் ‘எதுவும் வரவில்லை, திரும்பவும் வாசி’ என்று எழுதினால் லூப் நிற்காமல் சுழன்று ஒரு சிபியூவை முழுதாக விழுங்கும். புதியவர் யாருக்கும் பதில் போகாது.

எக்கோ பற்றி ஒரு வரி: அது சர்வரின் டெர்மினலுக்குத்தான் போகும். கிளையன்ட்டுக்குப் போக சாக்கெட்_ரைட் வேண்டும்.

பலரைச் சேர்த்துக் கவனிக்க

ஒரே நேரத்தில் பலரோடு பேச சாக்கெட்_செலக்ட் போதும். கேட்கும் சாக்கெட்டையும் இணைந்த எல்லோரின் சாக்கெட்டுகளையும் ஓர் அர்ரேயில் போட்டுக் கொடுத்தால், யாரிடம் தரவு தயாராக இருக்கிறதோ அவர்களை மட்டும் சொல்லும். எப்படிச் சொல்லும் என்பதில்தான் பலர் விழுகிறார்கள். நீங்கள் கொடுத்த அர்ரேயையே அது மாற்றி, தயாராக இல்லாதவர்களை நீக்கிவிடும். உங்கள் மூலப் பட்டியலையே கொடுத்திருந்தால் முதல் சுற்றிலேயே அமைதியாக இருந்தவர்கள் எல்லாம் பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். இணைப்பு உயிரோடு இருக்கும், சர்வர் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலை நகலெடுத்து நகலைக் கொடுங்கள். கேட்கும் சாக்கெட்டைச் சேர்க்க மறந்தால் புதியவர்கள் யாரும் நுழைய முடியாது.

லினக்ஸில் ஒரு நிரல் திறக்கும் கோப்புகளுக்கு இயல்பான வரம்பு பெரும்பாலும் 1024. சாக்கெட்டும் அந்தக் கணக்கில் சேரும். தாண்டினால் பிழை 24. மூடப்பட்ட கிளையன்ட்டுகளின் சாக்கெட்டை விடுவிக்காத சர்வர் சில நாட்களில் இங்கே வந்து நிற்கும். வரம்பை உயர்த்தினாலும் செலக்ட்டுக்கு அதே 1024 என்ற சொந்த வரம்பு உண்டு. அதற்கு மேல் போகிறவர்கள் ரியாக்ட்பிஎச்பி, ஸ்வூல் போன்ற பிஎச்பி கருவிகளைப் பார்ப்பது நல்லது.

பிரவுசரிலிருந்து இணைய முயன்றால்

குரோமில் போர்ட்டோடு முகவரியைத் தட்டிச் சோதிக்கிறவர்கள் தவறான பதில் என்ற பிழையைப் பார்ப்பார்கள். பிரவுசர் எச்டிடிபி பேசும், உங்கள் சர்வர் வெறும் வரியைத் திருப்பும். அதனால் வரும் பிழை அது. இணைப்பு உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறது. 6667 போன்ற சில போர்ட்டுகளை பாதுகாப்புக்காக பிரவுசர் தொடவே மறுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் வெப்சாக்கெட்டை இந்த சர்வரோடு நேரடியாக இணைக்கவும் முடியாது. பெயரில் சாக்கெட் இருந்தாலும் அது டிசிபியின் மேல் ஏறும் தனி நெறிமுறை. 2011இல் ஆர்எஃப்சி 6455 ஆக வந்தது. பிரவுசர் முதலில் எச்டிடிபி கோரிக்கையோடு ஒரு சாவியை அனுப்பும். சர்வர் அதோடு நெறிமுறையில் வரையறுத்த நிலையான சரத்தை ஒட்டி, எஸ்எச்ஏ-1 கணக்கிட்டு, பேஸ்64 ஆக்கித் திருப்ப வேண்டும். அப்புறம் பிரவுசரிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் முகமூடி இட்ட சட்டகமாக வரும். அதைப் பிரிக்க வேண்டும். ராட்செட் போன்ற நூலகம் இருக்கும்போது இதைக் கையால் எழுதுவது கற்றுக்கொள்ள மட்டுமே. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் பாதுகாப்பற்ற வெப்சாக்கெட்டைப் பிரவுசர் அனுமதிக்காது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து சான்றிதழை அதனிடம் விடுவது வழக்கம்.

சிறிது நேரம் கழித்து அறுந்தால்

என்ஜின்எக்ஸ் வைத்தவர்களுக்கு உடனே வரும் அடுத்த புகார்: சரியாக ஒரு நிமிடத்தில் இணைப்பு போகிறது. சர்வரிடமிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் மூடிவிடுவது அதன் இயல்பான அமைப்பு. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் சும்மா இருக்கும் இணைப்புக்கான இயல்பான வரம்பு 350 நொடி. மொபைல் நெட்வொர்க்குகளிலும் ரவுட்டர்களிலும் இப்படி ஏதோ ஒரு வரம்பு உண்டு, சொல்ல மாட்டார்கள்.

நடுவில் இருப்பவர் மறந்துபோன இணைப்பு சர்வருக்குத் தெரியாமலே இறந்திருக்கும். டிசிபியின் கீப்அலைவை இயக்கினால் காப்பாற்றும் என்று சொல்வார்கள். லினக்ஸில் அதன் முதல் சோதனையே இயல்பாக 7200 நொடிக்குப் பிறகுதான், அதாவது இரண்டு மணி நேரம். அதைக் குறைக்கலாம். ஆனால் நிரலிலேயே 30 அல்லது 45 நொடிக்கு ஒரு முறை சிறு செய்தி அனுப்பி, தொடர்ந்து இரண்டு முறை பதில் வராதவர்களின் சாக்கெட்டை மூடிப் பட்டியலிலிருந்து நீக்குவது இன்னும் நம்பகமானது. நிரல் விழுந்தால் தானாக எழுப்ப, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதி, மறுதொடக்கத்தை ‘ஆல்வேஸ்’ என்று வைத்துவிடுங்கள். அதற்கு முன் ரீயூஸ்அட்ரஸ் விருப்பம் நிரலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். அது இல்லாவிட்டால் விழுந்த சர்வரை சிஸ்டம்டி எழுப்ப, பைண்ட் 98இல் தோற்க, மறுபடி எழுப்ப, சில நொடிக்குள் பல முறை தோற்றதைக் கண்டு சிஸ்டம்டியே முயற்சியை நிறுத்திவிடும்.